ஏரி வண்டலும் சர்க்கார் கணக்கும்

மண்ணைக் கன மீட்டரில் அளக்கத் தெரிந்த சர்க்காருக்கு அந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை. நமது தமிழ்நாட்டின் சிறு கனிம விதிகள் 1959-ம் வருஷத்தில் ஏற்பட்டவை. அவ்விதிகளின் கண்ணுக்கு ஏரியின் அடியில் படிந்து கிடக்கும் வண்டல் ஒரு கனிமம். கருங்கல்லும் கிராவலும் எந்த இனமோ அந்த இனம். குடியானவர் ஒருவர் தம் ஊர் ஏரி வண்டலைத் தம் நிலத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டுமானால் அநுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்று அளவும் விதித்திருக்கிறார்கள். 2017-ல் இதற்குக் கட்டணம் வேண்டாமென்று உத்தரவாயிற்று. 2024-ல், கலெக்டர் கச்சேரி வரையில் நடக்க வேண்டியதில்லை, தாசில்தாரே சீட்டுக் கொடுக்கலாம் என்று இன்னும் ஒரு படி இறங்கி வந்தார்கள். இரண்டையும் நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் எவ்வளவு மண் என்ற கேள்விக்குத்தான் விதியில் விடை இருக்கிறது. எந்த மாதத்தில், எந்த அடுக்கிலிருந்து, என்ன சத்துள்ள மண் என்ற கேள்விகள் விதியை எழுதியவர்களின் மனத்தில் எழவே இல்லை. இக்குறை சிறியதல்ல என்பதே நமது அபிப்பிராயம்.

சென்ற பங்குனியில் ஒரு வழக்கு விஷயமாகப் பண்ருட்டிக்குப் போயிருந்த நாம் திருவதிகைக்கும் போய் வந்தோம். திருநாவுக்கரசர் சூலை நோய் தீர்ந்து எழுந்த ஸ்தலம் அது என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பெருமானின் கையில் விளங்குவது ஆயுதமுமல்ல, ஏடுமல்ல, புல் செதுக்கும் உழவாரம் என்பதை மட்டும் நினைப்பூட்டி மேலே செல்கிறோம். கெடிலக் கரையை விட்டுச் சற்று விலகிப் போனால் அப்பக்கத்தில் சிறு ஏரிகள் உண்டு. அவற்றில் ஒன்றின் கரைமீது நின்றிருந்தோம். ஏரியில் முக்கால் பங்கு வற்றி, நடுப்பள்ளத்தில் மட்டும் பச்சைச் சாயம் கரைத்தாற்போல ஜலம் நின்றது. உடன் வந்த முதிய குடியானவர் வெடித்திருந்த தரையிலிருந்து ஒரு பாளத்தைப் பெயர்த்து நமது கையில் வைத்தார். "வக்கீல் ஐயா, இதை மண்ணுன்னு சீட்டு எழுதிக் கொடுக்கறாங்க. இது மண்ணுங்களா? எருவுங்க" என்றார். சாஸ்திரம் படித்தவர்கள் நூறு பக்கத்தில் சொல்லியிருப்பதை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஆயினும் சாஸ்திரம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். அதிகாரிகளுக்கு அந்தப் பாஷைதான் புரியும்.

ஏரியென்பது வருஷத்தில் ஒரே ஏரியாக இருப்பதில்லை. ஐப்பசியில் ஒன்று, மார்கழியில் ஒன்று, பங்குனியில் வேறொன்று. கடலூர் ஜில்லாவில் வருஷத்து மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக் காற்றினால் ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்து முடிகிறது. முதல் மழையில் ஏரிக்கு வந்து சேர்வது வெறும் ஜலமல்ல. எட்டு மாதம் வெயிலில் காய்ந்த மேட்டு நிலத்தின் மேல்மண், முந்திரித் தோப்புச் சருகு, ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணம், கொல்லையில் போட்டுப் பயிர் தின்றது போக மிஞ்சிய யூரியா, ஊர்ச் சாக்கடை, எல்லாம் கரைந்து கலங்கிச் சிவப்பாக வருகின்றன. நைட்ரஜன் நைட்ரேட்டாக ஜலத்தில் கரைந்தே வருகிறது. பாஸ்பரஸோ அப்படிக் கரைவதில்லை. மண் துகளைப் பற்றிக்கொண்டு வருகிறது. பண்ருட்டி மேட்டின் செம்மண்ணில் இரும்பு மிகுதி. இரும்பு பாஸ்பரஸை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே புது வெள்ளத்தின் கலங்கலில்தான் வருஷத்துச் செல்வம் பெரும்பாலும் ஏரிக்குள் இறங்குகிறது. புது வெள்ளம் பாய்ந்த வயலுக்கு உரம் குறைத்துப் போடலாம் என்று நம் பெரியவர்கள் சொன்னது வீண் பேச்சல்ல.

பிறகு மழை தொடர்ந்து பெய்து ஏரி நிரம்புகிறது, கலங்கல் வழிகிறது. மண் அடியில் தங்குகிறது, ஜலம் தெளிகிறது. மார்கழியிலோ தையிலோ ஒருவர் சீசாவில் ஜலம் மொண்டு பரீட்சை செய்தால், சத்துக்கள் குறைவு, ஜலம் நேர்த்தி என்று சான்று எழுதிக் கொடுப்பார். அது பொய்யல்ல. ஆனால் அதே மனிதர் சித்திரையில் வந்து அதே இடத்தில் மொண்டால் வேறு சான்று எழுத நேரும். வெயிலில் ஜலம் சுருங்கச் சுருங்க அதில் உள்ளவை செறிகின்றன. சூடேறிய ஜலத்தில் பிராணவாயு குறைவாகவே தங்கும். அடிச் சேற்றில் அழுகும் பொருள்கள் அந்தக் கொஞ்சத்தையும் தின்றுவிடுகின்றன. பிராணவாயு அற்றுப்போன சேற்றில் இரும்பு தன் பிடியைத் தளர்த்துகிறது. அதுவரை கட்டுண்டிருந்த பாஸ்பரஸ் ஜலத்துக்குள் விடுபடுகிறது. பாசிக்கு விருந்து வைத்தாற்போலாகிறது. பகலில் பாசி வெயிலை உண்டு பிராணவாயுவைக் கக்குகிறது. இரவில் அதுவே பிராணவாயுவை உட்கொள்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், சில நாள் கூட்டமாகச் செத்து மிதப்பதும் இதனால்தான். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் சண்டை மூள்வதையும் குத்தகைதாரர் போலீஸில் புகார் கொடுப்பதையும் நாம் அறிவோம். ஏரி தானே செய்த கொலை அது. நாம் கொடுத்த தீனியினால் செய்தது.

இவ்விஷயத்தில் நமது தேசத்தார் பிந்தியவர்களல்ல. 1940-லேயே எஸ். வி. கணபதி என்பவர், நீலப்பச்சைப் பாசி நிரந்தரமாகப் படர்ந்திருந்த கோயில் குளம் ஒன்றை ஆராய்ந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பத்திரிகையில் எழுதினார். சென்னையில் பேராசிரியர் எம். ஓ. பார்த்தசாரதி அய்யங்கார் பாசி சாஸ்திரத்துக்கு இந்தியாவில் அஸ்திவாரமிட்டார். பின்னர் 1973-ல் கானடா தேசத்து விஞ்ஞானிகள் ஒன்டாரியோவில் ஓர் ஏரியின் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மற்றப் பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் இட்டார்கள். பாஸ்பரஸ் இட்ட பாதி பச்சைப் பாசியால் மூடிப்போயிற்று. மற்றது தெளிவாகவே நின்றது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம் உலகத்தின் சட்டசபைகளில் ஆயிரம் பிரசங்கங்கள் செய்யாததைச் செய்தது. நம்மிடம் கணபதியின் கட்டுரை இருந்தும் அதை வாசித்த மந்திரி ஒருவரும் இல்லை.

இனி வறண்ட ஏரி. இதைத்தான் ஒருவரும் கவனிப்பதில்லை. ஜலம் வற்றினால் ஏரியின் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அப்போதுதான் பாதி வேலை தொடங்குகிறது. வெடித்த தரைக்குள் காற்றுப் புகுகிறது. சேற்றில் அழுகாமல் கிடந்தவை மக்குகின்றன. ஆட்டுக்காரர்கள் கிடை மடக்குகிறார்கள். காய்ந்த மண் மறுபடி நனையும்போது அதிலுள்ள நைட்ரஜன் சட்டென்று பயிருக்கேற்ற ரூபத்தில் வெளிப்படுகிறது என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை செய்த பிர்ச் என்ற விஞ்ஞானி 1958-ல் விளக்கி எழுதினார். அவர் பெயரால் இன்றும் அதை வழங்குகிறார்கள். நமது கோடை உழவின் ரகசியமும் இதுதான். ஆகவே வைகாசி, ஆனி மாதங்களில் காய்ந்த மேல்வண்டலை வாரி வயலில் பரப்பினால், அந்த முதல் நனைப்பின் பலன் வயலுக்குக் கிடைக்கும். ஏரியிலேயே விட்டுவிட்டால் அதே பலன் ஐப்பசி ஜலத்தில் கரைந்து, பாதி கலங்கல் வழியே கடலுக்குப் போகும். மீதி அடுத்த கோடையில் பாசியாக முளைக்கும். ஒரே பொருள், வயலில் உரம், ஏரியில் விஷம். எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம்.

இப்போது அநுமதிச் சீட்டுக்குத் திரும்புவோம். வைகாசியில் விண்ணப்பித்தவருக்கு ஆவணியில் சீட்டு வந்தால் அது எதற்கு? கிராமத்தில் நாம் விசாரித்தபோது இதைத்தான் பலரும் சொன்னார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். சத்து நிறைந்த வண்டல் மேலே ஓர் அடுக்குத்தான். அதற்குக் கீழே உள்ள சவுடும் கிராவலும் பயிருக்கு உதவா. ரோட்டுக்கும் மனைகளுக்கும் உதவும். எனவே குடியானவர் பெயரில் சீட்டு, கண்டிராக்டர் பெயரில் லாரி. மேல்வண்டல் செங்கல் சூளைக்குப் போகிறது. கீழ்மண் மேடு தூர்க்கப் போகிறது. ஏரியில் ஆள் உயரப் பள்ளங்கள் மிஞ்சுகின்றன. அப்பள்ளங்களில்தான் கோடையில் ஜலம் தேங்கிப் பச்சையாகிறது. தூர் வாரினோம் என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது. வாரியது தூரல்ல.

சூளையில் வேகும் ஒவ்வொரு வண்டி வண்டலிலும் நமது தேசத்தின் பணம் வேகிறது. இந்தியாவில் நல்ல பாஸ்பேட் பாறை அற்பம். மொராக்கோவிலிருந்தும் ஜோர்டானிலிருந்தும் பாறையாகவும் அமிலமாகவும், வேறு தேசங்களிலிருந்து டி.ஏ.பி. மூட்டையாகவும் வாங்கி, மானியம் கொடுத்துக் குடியானவருக்கு விற்கிறோம். அவர் அதை வயலில் போடுகிறார். மழை அதில் ஒரு பங்கை ஏரிக்கு இழுத்து வருகிறது. ஏரியிலிருந்து எடுத்துச் செங்கல்லாகச் சுடுகிறோம். மறுபடி மொராக்கோவுக்கு ஆள் அனுப்புகிறோம். சுதேசியம் என்ற சொல்லைக் கதர்த் துணியோடு மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டவர்கள் இக்கணக்கைச் சற்று யோசிக்கட்டும். தெலுங்கானாவில் 2015-ல் தொடங்கிய மிஷன் காகதீயத் திட்டம் 46,000-க்கு மேற்பட்ட ஏரி குளங்களைச் சீர்திருத்த முற்பட்டபோது, எடுத்த வண்டலைக் குடியானவர்களின் வயலில் சேர்ப்பதையும் திட்டத்தின் ஓர் அங்கமாகவே வைத்தது. அதற்கு முன்பே மேடக் ஜில்லாவில் இக்ரிஸாட் ஸ்தாபனத்தார் ஏரி வண்டலிலுள்ள சத்துக்களைக் கணக்கிட்டு, தூர் வாரும் செலவுக்கு அந்த உரமே ஈடு சொல்லும் என்று காட்டியிருந்தார்கள். அங்கும் குறைகள் இருந்திருக்கலாம். கேள்வி கேட்கவாவது தோன்றிற்று.

திருவதிகையிலிருந்து பத்துப் பதினைந்து மைலில் நெய்வேலி. 1956-ல் கம்பெனி ஏற்பட்ட நாள் முதல் அந்தப் பூமியின் ஜல நடமாட்டமே மாறிவிட்டது. பழுப்பு நிலக்கரிப் படுகையின் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். அந்த ஜலத்தில் ஒரு பகுதி சேத்தியாத்தோப்பை அடுத்த வாலாஜா ஏரிக்கும், அங்கிருந்து குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெருமாள் ஏரிக்கும் போகிறது. பல்லாயிரம் ஏக்கர் அதனால் பிழைக்கிறது, மறுப்பதற்கில்லை. சுரங்கத்து மேல்மண் மழையில் கரைந்து வந்து வாலாஜா ஏரி தூர்ந்து கிடந்ததும் உண்மை. கம்பெனியே செலவு செய்து பின்னர் அதைத் தூர் வாரியதும் உண்மை. நாம் கேட்பது வேறு. மழையை நம்பிய ஏரிக்குக் கோடை என்று ஒரு பருவம் உண்டு. அது வற்றும், வெடிக்கும், காற்று வாங்கும். வருஷம் முழுவதும் ஜலம் வந்துகொண்டிருக்கும் ஏரிக்கு அந்தப் பருவமே இல்லை. சேறு சேறாகவே இருக்கிறது. அப்படிப்பட்ட ஏரியில் சத்துக்களின் வருஷச் சுழற்சி எப்படி நடக்கிறது, அதன் வண்டல் பக்கத்து ஊர் மழை ஏரியின் வண்டலைப் போன்றதா என்பதை மாதந்தோறும் பரீட்சை செய்தல்லவா அறிய வேண்டும்? ஒரே ஜில்லாவில் இரண்டு வகை ஏரிகளும் அருகருகே இருப்பது விஞ்ஞானிகளுக்குக் கிடைக்காத பாக்கியம். கம்பெனி பொதுமக்களின் சொத்து. அதன் லாபத்தில் இதற்கு ஆகும் செலவு எண்ணெய்க் குடத்தில் ஒரு துளி.

ஏரிகளையும் வாய்க்கால்களையும் அடைத்து நிற்கும் அந்த ஊதாப் பூச் செடிக்குத் தமிழ்நாடெங்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு என்று பெயர். செடியோ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, பழி நெய்வேலிக்கு! அதுவும் ஆகாயத் தாமரையும் எந்த ஏரியில் தழைக்கின்றனவோ அங்கே சத்துக்கள் மிஞ்சிக் கிடக்கின்றன என்று அர்த்தம். பிடுங்கிக் கரைமீதே போட்டுவிட்டுப் போனால் அவை அழுகி மறுபடி ஏரிக்கே வரும். பில் மட்டும் பாஸாகும்.

சட்டம் என்ன செய்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். 1974-ம் வருஷத்து ஜல மாசுத் தடுப்புச் சட்டத்தில் நீரோடை என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் கொடுத்திருக்கிறார்கள். ஓடுகிற கால்வாயும் அதில் அடங்கும். தற்சமயம் வறண்டு கிடக்கும் கால்வாயும் அடங்கும். இயற்கையாயினும் செயற்கையாயினும் உள்நாட்டு நீர்நிலை யாவும் அடங்கும். அச்சட்டத்தை எழுதியவர்கள் நமது ஊர் ஓடையைக் கோடையில் பார்த்தவர்களாகவே இருக்க வேண்டும். 2007-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டம் செய்தது. அது ஏரியின் எல்லையை அளந்து கல் நடுகிறது. கல்லுக்குள் இருக்கும் ஜலத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. முதற் சட்டம் போதுமானது. அதை நடத்தப் பரீட்சைக் கணக்கு வேண்டும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு ஏரிகளின் ஜலத்தை மொண்டு பார்க்கிறார்கள். பிரயாணிகள் படகு விடும் ஏரிகள் அவை. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள். அவற்றில் நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ளவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. குடியானவர் நெல் விளைவிக்கும் இந்தச் சிறு ஏரிகளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. நகரத்தின் சாக்கடையாகிவிட்ட ஏரி என்னவாகும் என்பதற்கு 2018 ஜனவரியில் பெங்களூர் பெல்லந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்ததைப் பார்த்தோம். எரிந்த பிறகு பரீட்சை செய்ய ஆட்களுக்குக் குறைவில்லை.

வெள்ளைக்காரன் 1858-ல் குடிமராமத்தை வேலையாள் சட்டமாக்கினான்; 1883 முதல் ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் ஏரி ஏரியாக அளந்து கரை, மதகு, கலங்கல், கொள்ளளவு எல்லாம் குறித்து வைத்தான். அவனுக்கு வேண்டியது தீர்வை. அதற்கு வேண்டிய அளவுக்கு அளந்தான். 2017-ல் 100 கோடி ரூபாயில் குடிமராமத்து என்ற பழைய பெயரில் திட்டம் தொடங்கியபோதும் நாம் அளந்தது கரையின் நீளமும் மண்ணின் கன அளவுமே. சுதந்திரம் வந்து ஏழு தசாப்தங்கள் கடந்த பிறகும் அவன் விட்டுப்போன அளவுகோலையே பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியது பிரமாதமான காரியமல்ல. 2015 முதல் மத்திய சர்க்கார் குடியானவர்களின் நிலத்து மண்ணைப் பன்னிரண்டு அம்சங்களில் பரீட்சை செய்து மண்வள அட்டை கொடுத்து வருகிறது. வயலுக்கு அட்டை உண்டு. அந்த வயலுக்கு ஜலமும் வண்டலும் கொடுக்கும் ஏரிக்கு அட்டையில்லை. ஐப்பசிப் புது வெள்ளத்தில் ஒரு தடவை, ஏரி நிரம்பித் தெளிந்த மார்கழியில் ஒரு தடவை, சுருங்கிய பங்குனியில் ஒரு தடவை ஜலத்தையும், வைகாசியில் காய்ந்த மேல்வண்டலையும் பரீட்சை செய்து, கிராமச் சாவடியில் தமிழில் எழுதி ஒட்டினால் போதும். ஒரே தடவை மொண்டு சான்று கொடுப்பது, ஒரு சாட்சியை ஒரு கேள்வி கேட்டு வழக்கைத் தீர்ப்பது போலாகும். கடலூரில் மண் பரிசோதனைச் சாலை இருக்கிறது. விருத்தாசலத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் மாணவர்கள் இருக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அனுப்ப ஆகும் செலவு பஸ் சார்ஜுதான். மார்கழி ஜலத்தில் சத்துக் குறைவு, புது வெள்ளத்தில் மிகுதி என்று தெரிந்தால் யூரியாவை எப்போது எவ்வளவு இடுவது என்பதைக் குடியானவர் தாமே முடிவு செய்துகொள்வார். மிதமிஞ்சிய நைட்ரஜனால் பயிர் சாய்வதையும் இலைச்சுருட்டுப் புழு விழுவதையும் அவருக்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை.

வண்டல் அநுமதி விதியைப் பொறுத்த வரையில், பயிர் நிலத்துக்கு எடுக்கும் மேல்வண்டலைக் கனிம இனத்திலிருந்தே நீக்கிவிட வேண்டும் என்பது நமது கோரிக்கை. அது ஆகும் வரையில், ஏரி காய்ந்த நாள் முதல் ஆனி முடிய விண்ணப்பங்களுக்கு ஒரு வாரத்தில் சீட்டுக் கொடுக்குமாறு கலெக்டர் தாசில்தார்களுக்கு உத்தரவிடலாம். சூளைக்கும் மனைக்கும் போகும் மண்ணுக்கு வேறு நிறத்துச் சீட்டு ஏற்படுத்தலாம். அடுக்கு இவ்வளவு அடிக்குமேல் தோண்டலாகாது என்று ஏரிக்கு ஏரி கல் நட்டுக் குறிக்கலாம். இவற்றுக்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை.

திருவதிகைப் பக்கத்து அந்த முதியவரின் விண்ணப்பத்தை நாமே எழுதிக் கொடுத்து வந்தோம். இரண்டரை ஏக்கர் புன்செய்க்கு 225 கன மீட்டர். சித்திரையில் கச்சேரியில் கொடுத்ததாகக் கடிதம் எழுதினார். இதை எழுதும் இன்று ஆடி ஐந்தாம் தேதி. சீட்டு இன்னும் வரவில்லை.